ரொபினின் ஏரியில் ஒரு குங்குமப் பொட்டு

சித்திரம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சித்திரத்தை நாசமாக்க அந்த அறிவு தேவையில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

ஹனோவரில் எங்கள் கீழ்வீட்டில் ரொபின் என்று ஓர் ஆங்கிலேய ஓவியர் தனியாக இருந்தார். நாற்பது வருடமாக ஒரே ஏரியைத்தான் வரைந்தார். சாம்பல் தண்ணீர், சாம்பல் வானம், ஒரு படகு. சூரியன் கிடையாது. (ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "சூரியன் வந்தால் சனமும் வந்துவிடும்" என்றார்.)

கடைசிப் படத்தை முடித்த கையோடு வைத்தியசாலைக்குப் போனார். இனித் திரும்பமாட்டார் என்பது அவருக்கும் தெரியும். "அதில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தூரிகையோடு இன்றைக்கே கொண்டு வா" என்று போனில் கெஞ்சினார். அவர் வீட்டுக் கதவுத் திறப்பு எங்களிடம் இருந்தது. படத்தை மேலே கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிட்டு, அதை வைக்கப் பெட்டி வாங்கக் கடைக்கு ஓடினேன். வீட்டில் அம்மா இருப்பதை மறந்துபோனேன்.

வீட்டுக்குள் வரும் எந்தப் புதுப்பொருளையும் அம்மா சந்தனம், குங்குமம் வைக்காமல் விடமாட்டார். கார், சலவை இயந்திரம், என் ஜெர்மன் கடவுச்சீட்டு, எதுவும் தப்பியதில்லை. நான் திரும்பி வந்தபோது ரொபினின் வானத்தில் நட்டநடுவே ஒரு பெரிய பொட்டு.

"ஐயோ அம்மா, என்ன செய்தனீங்கள்?"

"புதுசெல்லோ தம்பி? அந்த மனுசனுக்குச் சுகம் வரட்டும் எண்டு வைச்சனான்."

"பெயின்ட் இன்னும் காயேல்லை!"

"அப்ப துடையன்."

துடைத்தேன். (வயது முப்பது. பொறியியலாளர் வேறு.) சிவப்பு வானத்திலிருந்து ஏரிக்குள் இறங்கியது. அக்காவின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை ஊற்றினேன். படகையும் காணோம். ஏரியில் யாரையோ வெட்டிப் போட்டது போல இருந்தது.

இதை எந்த முகத்தோடு அவரிடம் நீட்டுவது? இன்றைக்கு வேலை, நாளை வருகிறேன் என்று பொய் சொன்னேன். "பரவாயில்லை, நான் எங்கே ஓடப்போகிறேன்?" என்றார்.

மறுநாள் காலையில் அவருடைய மகள் இங்கிலாந்திலிருந்து அழைத்தாள். ரொபின் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு வந்தவள், தகப்பன் சொல்லியிருந்த அந்தப் படத்தை எங்களிடம் கேட்டு வாங்கிச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். "அப்பா கடைசியில் சூரியன் மறைவதை வரைந்திருக்கிறார்" என்று விம்மி அழுதாள். பாதிரியார் அந்தச் சிவப்பை வைத்தே ஒரு பிரசங்கம் செய்தார். அம்மாவுக்கு ஜெர்மன் அரைகுறைதான். ஆனாலும் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, என்ர பொட்டைப் பற்றியே கதைக்கினம்?"

"ஓம் அம்மா. பேசாமல் இருங்கோ."

உண்மை அந்த மகளுக்கு இன்றுவரை தெரியாது.

இப்போதும் வீட்டுக்கு ஏதாவது புதிதாக வந்து அம்மா குங்குமச் சிமிழைத் தூக்கினால் போதும். "அம்மா, காய்ஞ்சிட்டுதோ?" என்று அக்கா கேட்பாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் கொண்டுவரச் சொன்ன தூரிகை இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.