வலை மூட்டைக்குள் மாங்காய்

பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரே ஒரு காரியமாவது செய்துவிட வேண்டும் என்று அறுபத்துமூன்றாவது வயதில் குப்பன் முடிவெடுத்தான். அந்தக் காரியம் நூறு கிராம் எடையில், பளபளவென்ற பாக்கெட்டில், அடையாறு சூப்பர் மார்க்கெட் ஒன்றில் இருந்தது. காரம் தூவிய உலர்ந்த மாம்பழம்.

முழங்கால் போனதும் கடல் தொழிலை விட்டுவிட்டு, அந்தக் கடைக்கு எதிர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருந்தான். மோர் வாங்கப் போனவனிடம், ருசி பார்க்கக் கொடுக்கும் டயானா ஒரு துண்டை நீட்டினாள். நாக்கில் காரம் பட்டதும் குப்பன் பத்து வயதில் நின்ற சாந்தோம் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்விட்டான். அங்கே டின்னில் மாங்காய் வற்றல் விற்பார்கள். நாலு பையன்களுக்கு ஒரு துண்டு. பத்து எண்ணும்வரை வாயில் வைத்திருந்து அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும். குப்பன் முறை வரும்போது மட்டும் அந்தோணி வேகமாக எண்ணுவான். அந்த நாலு பேரில் இப்போது குப்பன்தான் பாக்கி.

டாக்டர் சுகர் என்று சொன்ன நாளிலிருந்து, பட்டினப்பாக்கம் வீட்டுக்குள் கெங்கம்மா இனிப்பை விட்டதில்லை. வாங்கி வந்த பாக்கெட்டைப் பரணிலிருந்த பழைய வலை மூட்டைக்குள் குப்பன் சொருகினான். காலையில் அவள் கருவாட்டுக் கூடையோடு மந்தைவெளிக்குக் கிளம்பியதும், நாளுக்கு ஒரு துண்டு.

முதல் மூன்று நாள் தித்திப்பு கொஞ்சம் தூக்கல். நாலாம் நாள் சரியாக வந்தது. புளிப்பு, உப்பு, காரம். அந்தோணி எண்ணுவதுகூடக் காதில் விழுந்தது. எடுக்க எடுக்கப் பாக்கெட் குறையவுமில்லை. கம்பெனிக்காரன் நாணயமானவன் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து ரத்தம் பார்த்தார்கள். சுகர் இறங்கியிருந்தது.

"பாவக்கா வேல செய்து," என்றாள் கெங்கம்மா.

"ஆமாமே," என்றான் குப்பன். டாக்டரையும் பெண்டாட்டியையும் ஒரே வீச்சில் அள்ளிய சந்தோஷம் அவனுக்கு.

அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு பாக்கெட் வாங்கி, கூட வேலை பார்க்கும் பிரசாத்திடம் பிரித்து நீட்டினான்.

"துன்னுப் பாரு. பத்து வயசாயிடும் உனக்கு."

பிரசாத் மென்றான். "இன்னா நைனா, ஜாம் மாதிரி கீது?"

"உன் நாக்கு அப்படி."

குப்பனும் ஒன்றைப் போட்டுப் பார்த்தான். சீனி. பத்து, இருபது வரை எண்ணியும் அந்தோணி வரவில்லை.

மறுநாள் வலைக்குள்ளிருந்து ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு டயானாவிடம் போனான்.

"சரக்க மாத்திட்டீங்களேம்மா, இது நியாயமா? முன்ன வாங்கனது இப்டி இருந்துச்சு."

டயானா முகர்ந்தாள். அவளும் குப்பத்துப் பெண்தான்.

"இது எங்க கடை சரக்கு இல்ல நைனா." இன்னொரு முறை முகர்ந்தாள். "கருவாட்டு வாசன வருது."

பிரசாத்திடம் கேட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குப்பன் மத்தியான வெயிலில் வீட்டுக்கு வந்து நேராக மொட்டை மாடிக்கு ஏறினான். கெங்கம்மா நெத்திலியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விரித்த பழைய புடவையில், உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிய மாங்காய்த் துண்டுகள் காய்ந்தன.

"எப்பமே பாத்த?"

அவள் திரும்பவில்லை. "ஒளிச்சு வச்ச அன்னிக்கே. நாலு வருசமா தொடாத மூட்ட, முடிச்சு மட்டும் புதுசா கீது. என் கண்ணு இன்னா அவிஞ்சா பூட்ச்சு?"

"கேட்டுருக்கலாம்ல?"

"கேட்டா எடத்த மாத்துவ. அத வேற நான் தேடிக்கினு இருக்கணும்."



"அதுல இருந்த மாம்பழம்?"

"துன்னேன். நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு இன்னா சுகரா கீது?"

திட்டலாம் என்று வாயைத் திறந்தான். வாயில் எச்சில் ஊறிவிட்டது.

"சரி, ஒண்ணு குடு."

"இன்னும் ரெண்டு நாள் காயணும். காக்கா வருது, குந்தி ஓட்டு." அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த புதுப் பாக்கெட்டை உருவிக்கொண்டாள். "இத நான் பாத்துக்கறேன்."

குப்பன் தண்ணீர்த் தொட்டி நிழலில் குச்சியோடு உட்கார்ந்தான். கெங்கம்மா மென்றுகொண்டே படியிறங்கினாள்.