மைக்கில் நான் தொலைந்துபோன கதை

ஊருக்கு உழைக்கும் ஆவலில்தான் எல்லாரும் கல்லூரியில் தொண்டராகச் சேர்கிறார்கள் என்பதை நான் நம்புவதில்லை. மற்றவர்கள் கதை எனக்குத் தெரியாது. நான் சேர்ந்தது பேச ஆள் இல்லாமல்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், எம்.எஸ்ஸி. படிக்க விருதுநகரிலிருந்து புனே போயிருந்தேன். இந்தி தெரியாது. மராத்தி என்று தனியாக ஒன்று இருப்பதே போய் இறங்கிய பிறகுதான் தெரியும். அறைத்தோழன் சந்தீப், சோலாப்பூர்க்காரன், தங்கமானவன். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவான். அதன் பிறகு திங்கள் காலை வரை நான் பேசுவது மெஸ்ஸில் ஒரே ஒரு சொல், 'பஸ்'. (போதும் என்று அர்த்தம். அதையும் சப்பாத்தி தட்டில் விழுந்த பிறகுதான் சொல்வேன்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேம்ப் பஜாரில் ஒரு கணவனும் மனைவியும் தமிழில் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். குக்கருக்கு கேஸ்கெட் வாங்க மறந்தது யார் என்பது வழக்கு. அந்தத் தமிழுக்காகவே நான் கடை கடையாகப் பின்னால் போனேன். கணவர் சட்டென்று திரும்பி, "க்யா சாஹியே?" என்று அதட்டினார். "ஒண்ணும் வேணாம் சார், நானும் தமிழ்தான்" என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து தமிழும் வரவில்லை. ஓடிவிட்டேன்.

மறுநாளே மாணவர் நல அலுவலகத்தில் பெயர் கொடுத்தேன். பொறுப்பாளர் ஜோஷி மேடம், "உனக்கு என்ன வரும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எது கொடுத்தாலும் செய்வேன் மேடம்." அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆண்டு விழாவில் தண்ணீர் ஊற்றும் வேலையைக் கொடுத்தார்.

விழா நாளன்று மைதானத்தின் ஓரத்தில் உதவி மேசை. மைக்கில் சந்தீப், தண்ணீர்க் கேனோடு நான். மத்தியானம் அவன் வடாபாவ் வாங்கக் கிளம்பினான். "மைக்கைத் தொட்டுடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அவன் தலை மறைந்ததும் யாரோ ஒருவர் ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்து மேசைமேல் உட்கார்த்திவைத்து, மராத்தியில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாலு வயது இருக்கும். உதடு பிதுங்கிக்கொண்டிருந்தது. பெயர் கேட்டேன், தமிழில். அழ ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். இன்னும் ஓங்கி அழுதது.

இவளைப் பெற்றவள் எங்கே தவித்துக்கொண்டிருக்கிறாளோ! மைக்கை எடுத்தேன். தொலைந்துபோவது பற்றி எனக்குத் தெரிந்த இந்தி ஒரே ஒரு வாக்கியம். நகரத்தில் எங்காவது வழி தவறினால் சொல்வதற்காக நானே மனப்பாடம் செய்து வைத்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மைதானம் முழுக்கக் கேட்க அறிவித்தேன்.

"மே கோ கயா ஹூம். முஜே லே ஜாயியே."

நான் தொலைந்துவிட்டேன், என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கபடி ஆட்டம் நின்றது. பிறகு மைதானமே சிரித்தது. புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து (என் புத்தி அப்படி) இன்னும் உருக்கமாக இன்னொரு தடவை சொன்னேன்.

கூட்டம் வந்துவிட்டது. ஒருவன் என் கையைப் பிடித்து, "சல் பேட்டா, கர் சலேங்கே" என்றான், வா மகனே, வீட்டுக்குப் போகலாம் என்று. இன்னொருவன் பலூன் கொடுத்தான். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. அந்த வேடிக்கையைப் பார்க்க வந்த கூட்டத்தில்தான் அதன் அம்மாவும் இருந்தார். மகள் அப்பாவோடு இருக்கிறாள் என்று நினைத்து நிம்மதியாக இருந்திருக்கிறார். "அய்யோ, பின்க்கி!" என்று பாய்ந்து வந்து தூக்கிக்கொண்டார். குழந்தை என்னைக் கை காட்டி, "ஹா தாதா ஹர்வலா" என்றது. இந்த அண்ணன் தொலைஞ்சுட்டான்.

அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"துஜ கோணி நாஹி கா இதே?"

உனக்கு இங்கே யாருமே இல்லையா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை, அந்த மராத்தி அன்றைக்கு எப்படிப் புரிந்தது என்று. "நாஹி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கேவல் வெளியே வந்துவிட்டது. மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. என் கேவல் ஒலிபெருக்கிகள் வழியாகக் கபடித் திடல், சாப்பாட்டுப் பந்தல், மேடையில் சிறப்பு விருந்தினர் என்று ஒருவரையும் விடவில்லை. ஜோஷி மேடம் ஓடி வந்து ஒயரைப் பிடுங்கினார்.

படிப்பு முடியும்வரை என் பெயர் 'கோயா', தொலைந்தவன். சாலையைக் கடந்தால் யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள். ராத்திரிகள் மட்டும் பழையபடி நீளமாகத்தான் இருந்தன. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை சந்தீப் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, "சல், கோயா" என்றான். அவன் வீட்டிலும் கதை எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

பிறகு இங்கேயே வேலை, கல்யாணம், வாகட் பகுதியில் வீடு. விருந்தாளி வந்தால் என் மனைவி, கரண்டியை மைக்காகப் பிடித்து அந்த அறிவிப்பை நடித்துக் காட்டாமல் காபி கொடுப்பதில்லை. கேவல் உட்பட.

புனேயிலேயே பிறந்து வளர்ந்து, தமிழைத் தட்டித் தடவிப் பேசும் எங்கள் மகள் இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். போன முதல் வாரம் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டோம்.

"அப்பா, மே கோ கயீ ஹூம்."

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"சொல்லு கண்ணு" என்றேன். "அப்பா கேக்குறேன்."