எண்ணரசருக்கு மீதி இரண்டு

எண் சோதிடர் எண்ணரசரின் அறையில் தொடங்கிய வரிசை மாடிப்படிகளில் இறங்கி, தெருவில் திரும்பி, பூட்டிக் கிடந்த நூலகத்தின் வாசல்வரை நீண்டிருந்தது. நூலகத்தை நாடி அத்தனை பேர் வந்தது அதுவே முதல் முறை.

அற்புதம் யாதெனின், வந்தவர் மனத்தில் தோன்றும் மூவிலக்க எண்ணைச் சொல்ல வேண்டும். உடலுக்கு ஒருமுறை, உயிருக்கு ஒருமுறை என அதையே இருமுறை சேர்த்தெழுதி அரசர் ஆறிலக்கமாக்குவார். அதை ஏழால் வகுப்பார்; வந்த விடையைப் பதினொன்றால்; அடுத்த விடையைப் பதின்மூன்றால். எங்கும் மீதி வராது. முடிவில் நினைத்த எண்ணே வந்து நிற்கும்.

"எண் உங்களை ஏத்துக்கிச்சு!" என்பார். மக்கள் கண் கலங்குவர். கால்குலேட்டரில் சரிபார்த்தவர்கள் கூடுதலாகக் கலங்குவர்.

வரிசையில் வந்த தையற்காரி ஒருத்தியும் கலங்கினாள். அவளது வலக்கண்ணின் விழித்திரை விலகத் தொடங்கியிருந்தது. மறுநாள் அறுவை சிகிச்சை. தள்ளிப்போட்டால் பார்வை திரும்பாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். இருப்பினும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோமே என்று மருத்துவமனைச் சீட்டை நீட்டினாள். எண் 483716. அரசர் ஏழால் வகுத்தார். மீதி இரண்டு.

"ரெண்டு கண்டம் நிக்குதும்மா. மூணு மாசம் கத்தி படக் கூடாது. நான் எண் எழுதித் தர்ற இந்த அட்டையைத் தினமும் கண்ணுல ஒத்திக்கோ."

அவள் தலையாட்டினாள். உடன் வந்த நாத்தனார் ஆட்டவில்லை. அச்சகத்தில் ரசீதுகளுக்கு எண் அடிப்பவள் அவள். ஆறிலக்க எண் அவளுக்குத் தெய்வமன்று, விரலில் ஒட்டும் மை.

"ஐயா, எல்லாருக்கும் ரெண்டு தடவை எழுதினீங்க. இதை மட்டும் ஏன் அப்படியே வகுத்தீங்க? முன்னாடி இருக்கிற 483-ஐ ரெண்டு தடவை எழுதுங்க, பாப்போம்."

"சும்மா இருடி" என்று தையற்காரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியின்றி அரசர் 483483 என்று எழுதி வகுத்தார். மீதி இல்லை.

"அடேங்கப்பா! கண்டம் எங்க ஓடிப்போச்சு? அண்ணி, ஏழையும் பதினொண்ணையும் பதின்மூணையும் பெருக்குங்க. ஆயிரத்தொண்ணு. எந்த மூணு இலக்கத்தையும் ஆயிரத்தொண்ணால பெருக்கினா, அதுவே ரெண்டு தடவை வரும். ரெண்டாந்தரம் எழுதும்போதே இவரு பெருக்கிடறாரு. அப்புறம் வகுத்து எடுத்துடறாரு. நீங்க தையல் போட்டுப் பிரிக்கிற மாதிரிதான்."

"அப்போ என்னை ஏத்துக்கிட்டது?" என்றார் வரிசையில் ஒருவர்.

"உங்க செருப்பு சைஸுக்கு முன்னாடி ரெண்டு சைபர் போட்டுக் குடுங்கண்ணே. அதையும் ஏத்துக்கும்."

தையற்காரி, அரசரின் தலைக்குமேல் தொங்கிய கடைப் பதிவுச் சான்றிதழை இடக்கண்ணால் வாசித்தாள்: 520417. துணிக்குக் கோடிடும் சுண்ணக்கட்டியைப் பையிலிருந்து எடுத்து, அவருடைய மேசைமீதே ஏழால் வகுத்தாள். மீதி இரண்டு.

"உங்களுக்கும் ரெண்டு கண்டம் நிக்குதுய்யா. மூணு மாசம் கடையைத் திறக்காதீங்க."

சிரிப்பு மாடிப்படிகளில் உருண்டு தெருவரை சென்றது. வரிசை கலைந்தது; மூவர் மட்டும் நகரவில்லை. வரிசையில் பிடித்த இடம் போய்விடுமாம்.

மறுநாள் அறுவை சிகிச்சை குறித்த வேளையில் நடந்தது. இப்போது தையற்காரி ஊசியில் தானே நூல் கோக்கிறாள். மிஞ்சிய நூலை அரசரின் அட்டையில் சுற்றிவைக்கிறாள். கையில் கால்குலேட்டருடன் வரிசையில் நின்ற பெருமக்களே, அத்தனை முறை வகுத்தீர்களே, ஒரே ஒரு முறை பெருக்கியும் பார்த்திருக்கலாமே!