பாக்குத் தெண்டலும் கரவன் பிரிஜ்ஜும்

இந்த வைகாசியில் எப்படியாவது மீன் சாப்பிட்டே தீருவது என்று மயில்வாகனம் முடிவெடுத்தார். கேட்பவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. அவர்கள் விமலேஸ்வரியைக் கலியாணம் முடிக்கவில்லை.

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குத் தொடக்கமாக ஒரு திங்கட்கிழமை பாக்குத் தெண்டுவார்கள், அதாவது சடங்காகப் பாக்குக் கேட்டு வாங்குவார்கள். அன்று தொடங்கிப் பொங்கல் முடியும்வரை முள்ளியவளைப் பக்கத்து வீடுகளில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது. விமலேஸ்வரி இதில் கோயில்காரரை விடவும் கடுமை. மீன் சட்டிகளைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றுவாள். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். போன வருடம் பூனைக்கும் தெளித்தாள். பூனை கோபித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. மயில்வாகனத்துக்கு அந்த வழியும் இல்லை, அடுத்த வீட்டிலும் சைவம்தான்.

யோசித்து யோசித்து அவர் ஒரு சட்டம் கண்டுபிடித்தார். விரதம் வீட்டுக்குத்தான். முற்றத்தில் நிற்கும் பழைய பள்ளிக்கூட வானுக்கு நம்பர் பிளேட் இருக்கிறது, நாலு சில்லு இருக்கிறது. எந்த வீட்டுக்காவது சில்லு உண்டா? ஆகவே வான் வீடு அல்ல. இந்த நியாயம் அம்மனுக்கு விளங்கும் என்று அவர் நம்பினார். விமலேஸ்வரிக்கு விளங்கும் என்று நம்பவில்லை. அதனால் அவளிடம் வேறு கதை விட்டார்.

வானைப் படுத்துச் சமைத்துப் பயணம் போகிற கரவன் ஆக்கப்போகிறேன், உன்னை இலங்கை முழுக்கச் சுற்றிக் காட்டப்போகிறேன் என்றார். சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்டார். காஸ் அடுப்பு வைத்தார். அவளுடைய பழைய சேலையைக் கிழித்து யன்னலுக்குத் திரை தொங்கவிட்டார். அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இந்த வெக்கைக்குப் பாலும் தயிரும் என்னாகும் என்று மட்டும் கேட்டாள்.

"அதுக்குத்தான் ஒரு பிரிஜ் பூட்டப்போறன். நட்டநடு வெயிலுக்கை நிண்டாலும் மோர் புளிக்காது."

"நட்டநடு வெயிலுக்கையும்?"

"வெளியிலை வைகாசி, உள்ளுக்கை மார்கழி. இருந்து பாருமன்."

"அப்ப நல்லதாப் பாத்து வாங்குங்கோப்பா," என்றாள்.

அவர் சொன்ன ஒரு காரியத்துக்கு அவள் மறுபேச்சில்லாமல் சம்மதித்தது அதுதான் முதல் தடவை. மனுசன் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். அவருக்கோ வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது.

முல்லைத்தீவில் பாறூக் வைத்திருந்த கடையில், மீன்பிடிப் படகுகளுக்கு வேண்டிய பற்றறியும் சோலரும் பிரிஜ்ஜும் கிடைக்கும். பாறூக் மூன்று வகை காட்டினான். மயில்வாகனம் மூன்றையும் சோதித்துப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பழகிய மனிதர் என்பதால் பாறூக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தனுப்பினான்.

சோதனை என்றால் அப்படி இப்படிச் சோதனை இல்லை. மத்தியான வெயிலில் வானை நிறுத்தி, யன்னல்களைச் சாத்தி, இடுப்பில் ஒரு சாரத்தோடு பிரிஜ்ஜுக்குப் பக்கத்தில் தானும் குந்தியிருந்தார். அது படும் பாட்டைத் தானும் பட்டால்தான் உண்மை தெரியும் என்பது அவர் கட்சி. விமலேஸ்வரி அடிக்கடி யன்னலைத் தட்டி, உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்து, உப்புப் போட்ட மோர் நீட்டினாள்.

முதல் பெட்டி கைக்கு அடக்கமானது. வெளியே இருக்கும் சூட்டில் இருபது டிகிரியைக் குறைக்கும் என்றிருந்தான் பாறூக். வானுக்குள்ளோ நாற்பத்தைந்து. இருபதைக் கழித்தால் வருவது குளிர் அல்ல, நல்ல இதமான மாலைப்பொழுது. அந்த மாலைப்பொழுதில் மோர் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது.

இரண்டாவது காஸில் ஓடுவது. வான் ஆடாமல் அசையாமல் மட்டமாக நின்றால்தான் அது குளிரும். முற்றமோ வாய்க்கால் பக்கம் சரிந்தது. மயில்வாகனம் மேசனிடம் ரசமட்டம் இரவல் வாங்கி, சில்லுகளுக்கு அடியில் கல் அடுக்கி, வானை மட்டமாக்கினார். பிரிஜ் குளிரத்தான் செய்தது. ஆனால் உள்ளே குளிராக்க அது பின்னால் நெருப்பு எரித்தது. மோர் பிழைத்துக்கொண்டது, மயில்வாகனம் மயங்கி விழுந்தார். விமலேஸ்வரி வாளித் தண்ணீரை யன்னல் வழியாகவே ஊற்றினாள்.

மூன்றாவதைப் படகுக்காரர் விரும்பி வாங்குவார்களாம். வீட்டுப் பிரிஜ் மாதிரி சின்ன மோட்டர். சோலரை வான் கூரையில் போட்டால், காய்கிற வெயிலே அதற்குக் கரண்ட். சோதனையில் மோர் ஐஸாகிக் கட்டி தட்டியது. அவர் மறுநாளே பாறூக்கிடம் ஓடினார்.

"மூடியாலை வாசம் ஏதும் வெளியிலை வராதோ தம்பி?"

"என்ன வைக்கப்போறீங்கண்ணை?"

"மோர்தான்."

"மோருக்கு என்ன வாசம்?"

"புளிச்ச மோர் எண்டு வையுமன்."

 பாறூக் மூடியில் பூட்டு இருப்பதையும் காட்டித் திறப்பைக் கையில் கொடுத்தான். மயில்வாகனம் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பாக்குத் தெண்டலுக்கு முதல் நாள், ஞாயிறு விடியவே வானைக் கடற்கரைக்கு விட்டார். றால், நண்டு, பாரைமீன் எல்லாம் துள்ளத் துள்ள வாங்கினார். கரவன் அடுப்பில் தானே சமைத்தார். றால் பொரியல், நண்டுக் குழம்பு, பாரைப் பொரியல் என்று டப்பா டப்பாவாக அடுக்கிப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று அவரைப்போலச் சந்தோசமான மனிதன் வன்னியிலேயே இருந்திருக்க மாட்டான்.

வந்ததும் வராததுமாக, பொங்கலுக்குப் புதுப்பானை வேண்டும், புதுக்குடியிருப்பில்தான் நல்லதாக இருக்கும் என்றாள் விமலேஸ்வரி. சீட்டியடித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளில் போனார். பின்னேரம் பானையோடு திரும்பி, பிரிஜ்ஜில் காதை வைத்துப் பார்த்தார். மோட்டர் இதமாக உறுமிக்கொண்டிருந்தது.

திங்கள் காலையில் அவர் முற்றத்துக்கு வந்தபோது வானின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய். கட்டிலில் அந்த ஒழுங்கை வீடுகளில் உள்ள பெண்கள் எல்லோரும் முழுகித் தலையுலர்த்திக்கொண்டு குந்தியிருந்தார்கள்.

"இதென்னப்பா?"

"நேர்த்திக்கடன். பொங்கல் முடியுமட்டும் கோயிலுக்கு நடந்து போற சனத்துக்கு எங்கட வானிலை குளிர் மோர். நட்டநடு வெயிலுக்கையும் புளிக்காதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

மயில்வாகனத்துக்கு மோர் எங்கே என்று கேட்கவும் தோன்றவில்லை. பற்றறி இறங்கிவிட்டது என்றார். அவள் மேலே காய்கிற வெயிலைக் காட்டினாள். சில்லில் காற்றில்லை என்றார். பக்கத்து வீட்டுக்காரர் பம்போடு வந்தார். நெஞ்சு நோகிறது என்றார். அப்படியானால் கோயிலுக்குத்தான் முதலில் போகவேண்டும் என்றாள்.

கோயில் வீதியில் வானை நிறுத்தியதும் சனம் வரிசை கட்டிவிட்டது. திருநீறு பூசிய முகங்கள், செருப்பில்லாத கால்கள், நீட்டிய பேணிகள்.

"திறவுங்கோப்பா, சனம் நிக்குதெல்லோ," என்றாள் விமலேஸ்வரி.

அம்மன் வாசலில் நண்டுக் குழம்பு வாசம் பரவப்போகிறது. இதற்குப் பிறகு ஊரில் தலைகாட்ட முடியுமா? அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கோயில் பக்கம் திரும்பி, கைகூப்பி, தன்னை மறந்து உரத்துச் சொன்னார்: "அம்மாளாச்சி, இந்த ஒருக்கா என்ர மானத்தைக் காப்பாத்தணை. வாற வருசப் பொங்கல் முடியுமட்டும் நான் மச்சத்தைத் தொடன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு பூட்டைத் திறந்தார்.

வாசம் வந்தது. கறிவேப்பிலை வாசம், இஞ்சி வாசம். கண்ணைத் திறந்தால் குடம் குடமாக மோர். றாலும் இல்லை, நண்டும் இல்லை. மயில்வாகனத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்படியே வீதி மண்ணில் விழுந்து கும்பிட்டார். வரிசையில் நின்றவர்கள் அவருடைய பக்தியைக் கண்டு மெய்சிலிர்த்தார்கள். எழுந்து வந்து மனைவியின் காதுக்குள், அம்மன் ஒரு பெரிய அற்புதம் செய்துவிட்டாள் என்று நாத் தழுதழுக்கச் சொன்னார்.

விமலேஸ்வரி ஒரு கிழவருக்கு மோர் வார்த்தபடியே சொன்னாள்: "அற்புதமும் இல்லை, ஒண்டும் இல்லை. நேற்று நீங்கள் பானை வாங்கப் போன நேரம் நாங்கள் ஒழுங்கைப் பெண்டுகள் எல்லாரும் இருந்து சாப்பிட்டு முடிச்சனாங்கள். விரதம் இண்டைக்குத்தானே துவங்குது. பிரிஜ்ஜுக்குத் திறப்பு ரெண்டு, மற்றதைப் பாறூக் தம்பி பிரிஜ் பூட்ட வந்த அண்டைக்கே என்னட்டைத் தந்தவர். நல்ல பிரிஜ்தானப்பா, றால் பழுதாகேல்லை."

மயில்வாகனத்துக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு ஒரு நப்பாசையும் வந்தது. "அப்ப அம்மன் ஒண்டும் செய்யேல்லை. நான் சொன்னது செல்லாதெல்லோ?"

"செய்தது நான்தான். ஆனா நேர்த்தியை அம்மனுக்கெல்லோ வைச்சிட்டியள்," என்றாள் அவள்.