ரத்னபாயின் குரலை ஏலத்தில் எடுத்த விவரம்

குன்னத்துகால்,
ஞாயிறு ஆராதனை முடிந்து, மீன்கறி கொதிக்கும் வேளை.

கோயம்புத்தூரில் பெரிய கம்பெனியின் பெரிய நாற்காலியில் வீற்றிருக்கும் அருமை மருமகள் அஜிஷாவுக்கு, உன் தாய்மாமனும் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே எல்லைக்கல்லாய் நிற்பவனுமாகிய ஜெயதாஸ் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் என் முழங்காலும் இங்கே சுகம். உன் சுகத்துக்கும், உன் மேலதிகாரிக்கு நல்ல புத்தி வரவும் ஜெபிக்கிறோம். இதைப் போனில் சொன்னால் ஆகாதா என்பாய். அடுத்த அறையில் உன் அம்மா இருக்கிறாள். அவளுக்குத் தொண்டையில்தான் ஆபரேஷன் செய்தார்கள், காதில் இல்லை. பாறசாலையில் ரயில் புறப்பட நினைத்தாலே அந்தக் காதுக்குக் கேட்டுவிடும்.

தொண்டை ஆறிவிட்டது, பேசிப் பழகாவிட்டால் உள்ள குரலும் போய்விடும் என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டார். அக்கா வாயைத் திறந்தால்தானே! கரகரக் குரலில் பேசுவதைவிட ஊமையாகவே பரலோகம் போகிறேன் என்று எழுதிக் காட்டுகிறாள். சபையின் நூற்றாண்டு விழாவுக்குப் பாடகர் குழு போட்ட ரெக்கார்டில் அம்மா தனிக்குரலில் பாடியிருக்கிறாளே, அதைக் கேட்டால் மனம் மாறுமே என்று நீ அழுதாயல்லவா? அன்றே என் வேட்டி தானாக மடிந்து ஏறியது. சபையில் வீடு வீடாகக் கேட்டேன். ஒரு வீட்டில் கூட அது உருப்படியாக இல்லை. ஒரு வீட்டில் மட்டும் அது மண்பானைக்கு மூடியாக இருந்து, வெயிலில் பப்படமாய்ச் சுருண்டு கிடந்தது.

ஆகவே நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய ரெக்கார்டு சேர்க்கிறவர்களின் சந்தை கூடுகிறது என்று கேட்டதும் நேற்றுப் போனேன். இலை போடுகிற மேசைகளில் எல்லாம் பெட்டி பெட்டியாக ரெக்கார்டு. உலகம் தோன்றிய நாள்முதல் பாடினவர்கள் அத்தனை பேரும் அட்டைக்குள் வரிசையில் நிற்கிறார்கள். வந்தவர்களோ ரெக்கார்டுத் தட்டை விளிம்பில் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்து, எலும்பு முறிவு பார்க்கிற டாக்டர்மாதிரி கீறல் பார்க்கிறார்கள். நான் ஒன்றை எடுத்து தோசையைப் பிடிப்பதுபோல் பிடித்தேன். மண்டபமே மூச்சை நிறுத்தியது. "ஓய், விளிம்பப் பிடியும்! கைரேக பதிக்கதுக்கு இது என்ன பத்திர ஆபீசா?" என்று ஒரு சத்தம். அமரவிளையில் மிக்சி ரிப்பேர் கடை வைத்திருக்கும் பொன்னப்பன். வீட்டில் ரெக்கார்டுக்கு இடம் வேண்டுமென்று தன் கட்டிலையே விற்றவராம்.

விரல் கறுக்கத் தேடினேன். பெட்டிகளில் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மேடையில், கண்ணாடிக்குள், ஏலத்துக்கு வைத்திருக்கிறது. ‘தனிக்குரல்: ஆர். ரத்னபாய்.’ உன் அம்மா பேரேதான். இருந்தது அந்த ஒரே தட்டு. ஏலம் விடும் பையன் அகிலேஷ் ஆரம்ப விலை சொன்னதும் என் கை உயர்ந்தது. அந்தப் பக்கம் பொன்னப்பன் கை. ஏலம் ஏற ஏற மற்றவர்கள் எல்லாரும் உதிர்ந்து போனார்கள். சட்டைப்பையில் இருந்தது போயிற்று. பிறகு மனதுக்குள் என் பசுவை விற்றேன். கொம்பு போயிற்று, முன்னங்கால் போயிற்று, பொன்னப்பன் விடவில்லை, மடி போயிற்று, எனக்கு வேர்த்து ஒழுகிய தண்ணீரில் நெய்யாறு கரை புரண்டிருக்கும், வாலைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒரு தடவை கத்தினேன். பொன்னப்பன் தலை குனிந்தார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். தட்டு என் கையில்!

இங்கேதான் அஜிஷா மக்களே, நீ பல்லைக் கடித்துக்கொள். நம் சபையில் அறுப்புப் பண்டிகை ஏலம் எப்படி நடக்கும்? வாழைக்குலையை ஏலத்தில் எடுத்தவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஏழு தலைமுறைக்கும் கேவலம். காசைக் கொடுத்துவிட்டு, குலையைத் தலைக்குமேல் தூக்கி, மறுபடி மேடையிலேயே வைக்க வேண்டும், ஜனம் கைதட்டும், ஒரே பூசணிக்காய் சாயங்காலத்துக்குள் சபை முழுவதையும் சுற்றிவரும். பிறந்தது முதல் பழகிய கை இது. ஜெயித்த வெறியில் நான் ரெக்கார்டைத் தலைக்குமேல் தூக்கி, "திருப்பி ஏலத்துக்கு!" என்று முழங்கி, மேடையில் வைத்துவிட்டேன்.

ஒருவனும் கைதட்டவில்லை.

"மாமா, எடுத்த ஆளு வேண்டாம்னு வச்சா ரெண்டாமத்த ஆளுக்குப் போவும். இங்கத்த நியமம் அதாக்கும்" என்றான் அகிலேஷ்.

"எனக்கு வேணும்டே!"

"வேணும்னா பின்ன எதுக்கு வச்சீரு?"

"அது வழக்கமாக்கும்!"

நான் வழக்கத்தை விளக்கி முடிப்பதற்குள் பொன்னப்பன் காசைக் கட்டி, தட்டை நெஞ்சோடு அணைத்து வாசல் தாண்டிவிட்டார். ஓடினேன். முழங்கால் வேண்டாம் வேண்டாம் என்று கதறியது. அவர் ஸ்கூட்டருக்கு முன்னால் குறுக்கே நின்று, "ஏத்திட்டுப் போவும்! எனக்க அக்கா வாயத் தொறந்து மிண்டி மாசக் கணக்காச்சு. அவளுக்க குரலு உம்ம கையில இருக்கு" என்றேன். அவர் வண்டியை அணைத்தார். அட்டையில் இருந்த பேரை விரலால் தொட்டு வாசித்தார்.

"விக்கமாட்டேன், கேட்டீரா? ஆனா பாடின ஆளுக்கு முன்னால வச்சுப் போட்டுக் காட்டுவேன். பிளேயரோட அடுத்த சனிக்கிழம வாறேன். உம்ம கையில மட்டும் தரமாட்டேன். நீரு வழியில யாருக்காவது திருப்பிக் குடுத்துருவீரு."

ஆகவே சனிக்கிழமைக்கு நீ வந்தே தீர வேண்டும். தன் குரலைக் கேட்டு அக்கா வாய் திறக்கவில்லை என்றால் என் மீசையை மழித்து நெய்யாற்றில் விடுவேன், இது சத்தியம். நீயும் உன் வீட்டாரும் ஆற்றங்கரைத் தென்னைபோல் செழித்து, வண்டு தாக்காமல் வாழ்க.

இப்படிக்கு,
பசுவை இழக்காமல் தப்பிய மாமன்,
ஜெயதாஸ்

பி.கு.: மேலே எழுதியது எதையும் நம்பாதே. உறையை ஒட்டப் போகையில் ஸ்கூட்டர் சத்தம். பொன்னப்பனுக்குச் சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை. ஊசியை இறக்கினார். சற்றுநேரம் மழைபோல் கரகரப்பு. பிறகு ஒரு பெண் குரல், தேன்! பொன்னப்பன் கண் கலங்கி அக்காளைக் கும்பிட்டார். நான் அவள் உதட்டையே பார்த்தேன். அது திறந்தது. துருப்பிடித்த கேட் திறக்கிற சத்தத்தில் வந்தது பேச்சு:

"எலே, நிறுத்து! அது நானில்ல. போதகருக்க மகளாக்கும். அண்ணைக்குப் பச்ச மாங்கா தின்னு எனக்குத் தொண்ட அடச்சுப் போச்சு. பேர முன்னாலயே அச்சடிச்சாச்சு, நானும் மிண்டாம இருந்துட்டேன்."

கும்பிட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பொன்னப்பன், "அப்ப நீங்க இதுல இல்லியா?" என்றார்.

"இருக்கேனே. மறுக்கா போடும். ரெண்டாவது சரணம் முடியும்போ பின்னால ஒரு இருமல் கேக்கும். அதாக்கும் நான்."

இதை எழுதும்போது மறுபடி ஊசியை வைக்கிறார்கள். இருமல் வருவதற்கு முன்னாலேயே உன் அம்மா, "இப்ப, இப்ப!" என்று வீடு அதிரக் கத்திக்கொண்டிருக்கிறாள்.