ஹோர்மோனும் என் அரைவாசிச் சிரிப்பும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்கிறவர்களில் ஹோர்மோனிடம் முழங்காலில் அடி வாங்காதவர் எவரும் இல்லை. கப்பலை விட்டு இறங்காதவர்கள் மட்டும் தப்பியிருக்கலாம்.

ஹோர்மோன் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்த ஆள், எங்கள் துறைமுக அலுவலகத்தில் கடிதங்களுக்கு சீல் குத்துகிறவர். உயர்தரப் பரீட்சையில் மூன்று தரம் உயிரியல் எழுதினார். மூன்று தரமும் மருத்துவ பீடம் அவரை வேண்டாமென்றது. படித்ததை வீணாக்க மனமில்லாமல் ஊரையே நோயாளியாக்கிவிட்டார். வைத்தியர்கள் முழங்காலில் தட்டும் சின்னச் சுத்தியல் அவரிடம் இல்லை. ரப்பர் சீல் இருந்தது.

கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரி ஒருவரை மேசையில் ஏற்றி, "காலைத் தொங்கப் போடுங்கோ, நானா" என்று முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு. கால் துள்ளியது. தேத்தண்ணிக் கோப்பை பறந்தது.

"தம்பி, நான் கடிதத்துக்கு சீல் குத்த வந்த, காலுக்கில்ல!"

"முள்ளந்தண்டு வரைக்கும் லைன் நல்லாயிருக்கு நானா. பயப்பிடாதேங்கோ."

பொறுப்பதிகாரி கத்திக்கொண்டு வந்தார். ஹோர்மோன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"கத்தட்டும். அட்ரினலின்தான். ரெண்டு நிமிசத்தில இறங்கும்."

இறங்கவில்லை. அரை மணித்தியாலத்தில் ஹோர்மோனின் கதிரை கழிப்பறைப் பக்கம் போய்விட்டது.

நான் சும்மா இருப்பேனா? ஆறு வருடமாகத் தினமும் காலையில், "டொக்டர் வந்திட்டார்!" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பேன். அவர் முகம் சுருங்கும். அதைப் பார்த்தால்தான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும்.

போன மாதம் ஒரு காலை அப்படித்தான் சொன்னேன். மனிதர் என் வாயையே பார்த்தார்.

"ஐசே, இன்னொருக்காச் சிரியும்."

"ஏன், படம் எடுக்கப் போறீரோ?"

"நெத்தியைச் சுருக்கும். சுருங்குது… அப்ப பழுது முகத்து நரம்பில இல்லை, மூளையில. ரெண்டு கையையும் தூக்கும்."

தூக்கினேன். வலது கை என்னைக் கேளாமலே கீழே இறங்கியது. அலுவலகமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூண்டு தரம் எழுதியும் எடுபடாத ஆள், என்ர தலையிலயோ படிக்கிறீர்?"

சொல்லி முடிக்க ஏலவில்லை, நாக்குக் குழறியது. அவர் என்னை அலாக்காகத் தூக்கி ஓட்டோவில் போட்டார். ஆஸ்பத்திரி வாசலில், "பக்கவாதம்! நேரமில்லை, வழி விடுங்கோ!" என்று அவர் போட்ட சத்தம் இறங்குதுறை வரைக்கும் கேட்டிருக்கும்.

மூளைக்குப் போகும் குழாயில் இரத்தக்கட்டி. பிந்தியிருந்தால் பேச்சும் கையும் போயிருக்கும் என்றார் உண்மையான வைத்தியர்.

கட்டிலில் கிடந்தபடி, "என்னெண்டு கண்டுபிடிச்சீர்?" என்று ஹோர்மோனிடம் கேட்டேன்.

"ஆறு வருசமா உம்மட நக்கல் சிரிப்பைப் பாக்கிறன். எனக்கு அது மனப்பாடம். அண்டைக்கு அரைவாசிதான் வந்தது."

வெட்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது என் கதிரையையும் அவருக்குப் பக்கத்தில், கழிப்பறையோரம் போட்டுக்கொண்டேன். காலையில் நானே காலைத் தொங்கப் போட்டுக் காத்திருக்கிறேன். காற்சட்டையெல்லாம் சீல் மை, வீட்டில் ஏச்சு. "டொக்டர் வந்திட்டார்" என்று இப்போதும் சொல்கிறேன். ஆனால் அதைச் சொல்லும்போது நக்கல் சிரிப்பு வருவதில்லை. அவர் விடுவதாக இல்லை.

"சிரிச்சுச் சொல்லும் ஐசே, பாக்க வேணும்."

அவருக்காக முழு வாயாலும் சிரிக்கிறேன்.