அக்கா நேர்ந்த என் இடுப்பு

உடப்பு,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை காலை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய யோகாம்பாள் அக்காவுக்கு, தம்பி வீரகத்தி நின்றபடி எழுதுவது. நான் இங்கே நின்றும் நடந்தும் நலம். வத்தளையில் நீங்களும் அத்தானும் உட்கார்ந்தும் சாய்ந்தும் நலமாயிருக்க அம்மன் அருள வேண்டும். நின்றபடி என்று அலங்காரத்துக்கு எழுதவில்லை. இருபது நிமிஷத்துக்கு மேல் கதிரையில் இருக்கக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. ஆகவே பிரிட்ஜின் தலையில் கொப்பியை வைத்து எழுதுகிறேன். மோட்டர் ஓடும்போதெல்லாம் எழுத்து ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லலாம் என்றால், நான் "அக்கா" என்று தொடங்கியவுடனேயே நீங்கள் "அழாத தம்பி, அம்மன் பாத்துக்கொள்ளுவா" என்று வைத்துவிடுகிறீர்கள். நான் அழவில்லை. எனக்குக் கோபம். அதை நீங்கள் இடையில் பேசாமல் கடைசிவரை கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

ஒபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பது உங்களுக்கும் எனக்கும் டொக்டருக்கும் மட்டும்தான் தெரியும், ஊர் அதை ஏற்கவில்லை. தேய்ந்துபோன டிஸ்கை எடுத்துவிட்டுச் செயற்கை டிஸ்க் வைப்பதற்கு வயிற்றுப் பக்கமாகத்தான் வெட்டிப் போக வேண்டும் என்று டொக்டர் படம் கீறிக் காட்டினார் அல்லவா, அந்தப் படத்தை நான் கேட்டு வாங்கிவந்திருக்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதுகைக் காட்டச் சொன்னார்கள். முதுகில் ஒன்றும் இல்லை. வயிற்றைக் காட்டினேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கே, வீரகத்தியின் கிட்னியைக் களவெடுத்துவிட்டு முதுகை அப்படியே விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று கதை கரையில் உள்ள மீன் வாடிவரைக்கும் போய்விட்டது. இப்போது எனக்கு இளநீர் தருகிறவர்கள்கூட, "பாத்துக் குடி, உனக்கு ஒண்டுதானே இருக்கு" என்று சொல்லித்தான் தருகிறார்கள். இரண்டும் இருக்கிறது என்று ஸ்கான் படத்தைக் காட்டினால், அது ஒபரேஷனுக்கு முன் எடுத்தது என்கிறார்கள். அது உண்மைதான், அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

கிட்னிக் கதையை நம்பாதவர்களுக்கு டிஸ்க் பற்றிய கவலை. வள்ளத்து எஞ்சின் பூட்டுகிற சின்னையா வந்து, உள்ளே வைத்தது என்ன உலோகம் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "உப்புக் காத்து அடிக்கிற ஊர், புது ஆணியே மூண்டு மாசத்தில துருப்பிடிக்குது, கிரீஸ் பூசினவங்களா எண்டு கேட்டனியா?" என்றார். நான் சிரித்தேன். என் மனிசி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கடல் பக்கத்து யன்னலைச் சாத்திவைத்திருக்கிறாள். ஆடிக் காற்று அடிக்கிற ஊரில் நான் வேர்த்து வழிந்துகொண்டு நிற்கிறேன். போன வாரம் என் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. குனியக் கூடாது. வீட்டில் ஒருவரும் இல்லை. கடைக்குப் போன மகள் தக்ஷாயினி திரும்பும்வரை முக்கால் மணித்தியாலம் அந்தக் கண்ணாடிக்குக் காவல் நின்றேன். வந்தவள், "அப்பா, மிதிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறீங்க" என்றாள்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது நீங்கள் செய்தது. நான் தியேட்டருக்குள் மயங்கிக் கிடக்க, நீங்கள் வெளி நடையில் முழங்காலைத் தொடும் உங்கள் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு நின்றீர்களாம். ஒரு சிங்களத் தாதி அதைத் தொட்டுப் பார்த்து, இந்த வயதிலும் இப்படி ஒரு முடியா என்று கேட்டாளாம். இதை நீங்களே எனக்கு நான்கு தரம் சொன்னீர்கள். சொல்லாமல் விட்டது, அந்த நடையில் நின்றே கோயில் செயலாளர் நிரோஜனுக்குப் போன் எடுத்து, தம்பிக்குச் சுகம் வந்தால் இந்தத் திருவிழாவிலேயே அம்மன் கோயிலை மூன்று தரம் பிரதட்டை அடிப்பான் என்று நேர்ந்ததை. பிரதட்டை என்றால் மணலில் படுத்து உருளுவது என்பது உங்களுக்குத் தெரியும்தானே அக்கா? மூன்று மாசத்துக்கு இடுப்பை முறுக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில் நின்று தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன். திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள். எனக்கு ஒபரேஷன் முடிந்து இன்னும் ஏழு வாரம் ஆகவில்லை.

நின்று நின்று கால் கடுத்ததால் பெருந்தெருவில் நடந்துவிட்டு வந்தேன். கோபம் குறையவில்லை. விஷயம் எனக்குத் தெரிந்ததே ஒலிபெருக்கியில். முதுகில் பட்டியைக் கட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறேன், கோயில் பக்கமிருந்து, பிரதட்டை அடிப்போர் வரிசையில் முதல் பெயராக என் பெயர். தேத்தண்ணி மூக்கால் வந்தது. மறுநாள் நிரோஜன் நான்கு பொடியன்களோடு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அண்ணே, நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம். வீதியில கல்லுப் பொறுக்கி, புது மணல் போட்டாச்சு."

"தம்பி, எனக்கு உருள ஏலாது. டொக்டர் வேணாமெண்டவர்."

"நீங்க ஏன் உருளுறீங்க? சும்மா படுங்க, நாங்க உருட்டுறம்."

ஒரு பொடியன் என்னை மெத்தையில் சுற்றிக் கட்டினால் குலுங்காது என்றான். இன்னொருவன் கையாலேயே என் நீளத்தை அளந்தான். நான் கத்தியதில் வயிற்றுத் தையல் இழுத்தது. அவர்கள் போன பிறகு மனிசி அடுப்படியிலிருந்து, "மச்சாள் உங்கட உயிருக்காகத்தானே நேர்ந்தவ. செய்யாம விட்டா உள்ளுக்கு வச்ச சாமான் கழண்டுபோகும்" என்றாள். செய்தால் கழரும் என்று டொக்டர், செய்யாவிட்டால் கழரும் என்று மனிசி. நான் எந்தப் பக்கம் படுப்பது?

பூசாரியிடம் நடந்தே போனேன். அவர் நிதானமான மனிதர். நேர்ந்தவரே சந்நிதிக்கு வந்து, தன் வாயால் சொல்லி, அதைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு செய்தால் அம்மன் குறை நினைக்க மாட்டா என்றார். பிறகு, "உங்கட குடும்பத்தில வேற பழைய நேர்த்தி ஏதும் செய்யாமக் கிடக்கோ?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஆகவே அக்கா, நீங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும். உருள வேண்டாம், பெண்கள் செய்வதுபோல அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்து மூன்று தரம் சுற்றிவிடுங்கள். நேர்த்தி என்பது அவரவர் தம் உடம்பைக் கொடுப்பது. அடுத்தவன் உடம்பை, அவனைக் கேளாமல், அம்மனுக்கு எழுதிக்கொடுக்கிற பழக்கம் நம் பரம்பரையில் உங்களைத் தவிர ஒருவருக்கும் கிடையாது. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. போன வருஷம் கக்கூசுக்குத் தவழ்ந்து போனவன் நான். இப்போது காலையில் நிமிர்ந்து நடந்துபோய்க் கரைவலை ஏறுவதைப் பார்த்துவிட்டு வருகிறேன். அதை நான் ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன், அம்மனுக்கும்தான்.

அத்தானின் சீனி வருத்தம் இறங்கவும், பிள்ளைகளுக்கு நல்ல காலம் பிறக்கவும், உங்கள் கை கால் திடமாக இருக்கவும் (அடியழிக்க வேண்டுமே) வேண்டிக்கொண்டு, விழுந்து கும்பிட முடியாத காரணத்தால் நின்றே கும்பிடும்,

தம்பி வீரகத்தி.

பி.கு.: கடிதத்தை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்தேன். பூசாரி கேட்டதற்கு நான் சொன்னது பொய். இரண்டு வருஷத்துக்கு முன் உங்களுக்கு டெங்கு வந்து, இரத்தக் கணக்கு இறங்கிக்கொண்டே போய், இரவு தாண்டாது என்று அத்தான் போனில் அழுதார். நான் கோயிலுக்கு ஓடினேன். அப்போது எனக்கு ஓட முடியும். அக்கா பிழைத்தால் அக்காவின் முடி உனக்கு என்று நேர்ந்துவிட்டு வந்தேன். சொல்லப் பயந்தே இரண்டு வருஷம் போய்விட்டது. இடுப்பு விழுந்தது அதற்குப் பிறகுதான். பூசாரி சொன்ன முறைப்படி அதை நான் என்மேல் ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் என் தலையில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வரும்போது தலையை மூட ஒரு நல்ல சால்வை கொண்டுவாருங்கள். இங்கே காற்று பலம்.